சிவப்புப் பென்சில் கோடு

"உச்சிகளையெல்லாம் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டு" என்று என் மேற்பார்வையாளர் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒன்றரை வாரம் பிடித்தது. பிறகு அதே வரி என்னை பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் அப்பாவின் அலமாரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. 2007-இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பெயர்ப்பலகையில் மாறியது, எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரே சோதனையை ஐந்து மாதிரிகளில் செய்தால் ஐந்து வளைகோடுகள் கிடைக்கும். ஐந்தையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் சற்று மேலே தூக்கி, மாடி வீடு போல அடுக்குவோம். கீழே முதல் மாதிரி, அதற்கு மேல் இரண்டாவது, இப்படி. பசார் மாலாமில் இளைஞர்கள் போட்டுக்கொண்டு திரியும் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி அடுக்கியிருக்குமே, அதுவும் இந்த வகைதான். 1967-இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் துடிவிண்மீனின் துடிப்புகள் அவை. 1.337 விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஹெரால்ட் கிராஃப்ட் என்பவர் 1970-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வைத்தார். 1979-இல் ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழு அதைத் தன் தட்டின் அட்டையில் போட்டுக்கொண்டது. அதன் பிறகு அது யாருடைய ஆய்வு என்று யாரும் கேட்பதில்லை. சட்டை பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது.

அடுக்கிய கோடுகளில் உச்சிகள் நேராக ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றனவா, இடமோ வலமோ சாய்கின்றனவா என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாய்வு இருந்தால் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணுக்குக் காட்டத்தான் அந்த இணைப்புக்கோடு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆரிஜின் என்ற மென்பொருள் ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது. அதில் அடுக்குவது சுலபம். ஐந்து பத்திகளையும் தேர்ந்தெடுத்து, அடுக்கு வரைபடம் என்ற கட்டளையை அழுத்தினால் அதுவே இடைவெளி விட்டு அடுக்கிவிடும். உச்சியைக் கண்டுபிடிக்கவும் அதிலேயே கருவி உண்டு. ஒவ்வொரு உச்சியும் எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்தில் என்று பட்டியல் போட்டுத் தந்துவிடும். அந்தப் பட்டியலை எடுத்து அதே வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டேன். ஐந்து புள்ளிகளும் அடியில் போய்க் குவிந்து கிடந்தன. மேலே இருக்கும் வளைகோடுகள் ஒன்றையும் தொடவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது. மென்பொருள் கோடுகளைத் தூக்கி வைத்தது வெறும் பார்வைக்கு. எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேல்மாடியில் நிற்பதாக நமக்குத் தெரியும் உச்சி, கணக்கில் இன்னும் தரையில்தான் நிற்கிறது. இது தெரியாமல் நான் பொறுமையிழந்து, கோடு வரையும் கருவியை எடுத்து, கையாலேயே உச்சிக்கு உச்சி இழுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் கிடையச்சின் எல்லையைச் சற்று மாற்றியபோது வளைகோடுகள் எல்லாம் நகர்ந்தன, நான் கையால் போட்ட கோடு மட்டும் நகராமல் அங்கேயே நின்றது. அந்தக் கோட்டுக்கும் என் எண்களுக்கும் எந்த உறவும் இல்லை. அது காகிதத்தின்மேல் ஒட்டியிருந்தது, அவ்வளவே.

பிறகு முறையாகச் செய்தேன். தூக்கும் வேலையை மென்பொருளிடம் விடாமல் நானே செய்தேன். முதல் பத்தி அப்படியே. இரண்டாவதில் எல்லா எண்களுக்கும் ஒரு மடங்கு இடைவெளியைக் கூட்டினேன், மூன்றாவதில் இரண்டு மடங்கு, இப்படியே. உச்சிகளின் உயரத்துக்கும் அதே கூட்டல். இப்போது புள்ளிகள் தம் தம் உச்சியில் போய் உட்கார்ந்தன. செங்குத்து அச்சில் உள்ள எண்களுக்கு இனி அர்த்தமில்லை என்பதால் அவற்றை அழித்துவிட வேண்டும். ஆய்விதழ்களில் அந்த அச்சு மொட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

நான் ஆராய்ந்துகொண்டிருந்தது செம்பனையின் வெறுங்குலை. பழத்தை எடுத்த பிறகு ஆலையில் மலைபோல் குவிந்து கிடக்கும் நார்ச்சக்கை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஆலையைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும்போது அதன் புளித்த வாடை வரும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அதையே மூட்டை கட்டி எடுத்துவந்து பட்டம் வாங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாரிலிருந்து செல்லுலோஸைப் பிரித்து, காரக் கரைசலில் ஊறவைத்து, ஊடுகதிரை அதன்மேல் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் கதிர் சிதறுகிறது என்று பார்ப்பது வேலை. கரைசலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி ஐந்து மாதிரிகள்.

இயற்கையான செல்லுலோஸுக்கு 22.5 பாகைக்குப் பக்கத்தில் பெரிய உச்சி வரும். என் முதல் மூன்று கோடுகளிலும் அது வந்தது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் உச்சி 22-க்குப் பக்கத்தில். மிகச் சிறிய நகர்வு, ஆனால் கோடு போட்டதும் இடப்பக்கம் அழகாகச் சாய்ந்தது. கோணம் குறைந்தால் அணுத்தளங்களுக்கு இடையிலான தூரம் கூடுகிறது என்று அர்த்தம். காரம் உள்ளே புகப் புகப் படிகம் மெதுவாக விரிகிறது என்று இரண்டு பத்தி எழுதி, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

மேற்பார்வையாளர் அந்தச் சாய்வுக்கோட்டைப் பார்க்கவே இல்லை. நான்காவது கோட்டின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "12 பாகையில் இது என்ன? 20-இல் இன்னொன்று முளைத்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? கீழே இருக்கும் மூன்றிலும் இல்லையே" என்றார். நான் அந்த இரண்டையும் பார்த்திருந்தேன். இரைச்சல் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்பதைவிட, என் கோட்டுக்கு அவை தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. "22.5-இல் இருப்பது ஒரு படிகம். 22-இல் இருப்பது வேறு படிகம். ஒன்று நகர்ந்து மற்றொன்று ஆகவில்லை. ஒன்று அழிந்தது, இன்னொன்று பிறந்தது. நீ இரண்டு வேறு ஆட்களை ஒரே ஆள் என்று கோடு போட்டிருக்கிறாய்" என்றார்.

1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தித் துணியைக் கடுங்காரத்தில் நனைத்துப் பார்த்தபோது கண்டது இதைத்தான். துணி சுருங்கியது, வலுவானது, சாயத்தை நன்றாகப் பிடித்தது. 1850-இல் காப்புரிமை வாங்கினார். கடைகளில் 'மெர்சரைஸ்டு காட்டன்' என்று விற்கிறார்களே, அவர் பெயர்தான் அது. ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் செல்லுலோஸின் சங்கிலிகள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. காரத்தைக் கழுவி எடுத்துவிட்டாலும் அது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை.

இதற்காக உச்சிகளை இணைப்பதே தவறு என்று நினைத்துவிடக் கூடாது. ஹென்றி மோஸ்லி 1913-இல் மான்செஸ்டரில் செய்தது இதே வேலைதான். கால்சியம் தொடங்கித் தனிமம் தனிமமாக ஊடுகதிர்க் கோடுகளைப் படம்பிடித்து, படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே அளவுகோலில் அடுக்கினார். கோடுகள் படிக்கட்டு மாதிரி ஒழுங்காக இறங்கின. துத்தநாகத்துக்குப் பதில் பித்தளையை வைத்துச் சமாளித்தார், ஆய்வுக்கூட மாணவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான். அந்தப் படிக்கட்டில் கால்சியத்துக்கும் டைட்டேனியத்துக்கும் நடுவே மட்டும் ஒரு படி இல்லை. அந்த இடம் ஸ்காண்டியத்துடையது, அவரிடம் அது இல்லை. இடைவெளியை மூடாமல் அப்படியே விட்டார். அடுத்த ஆண்டு இதே முறையில் 43, 61, 75 ஆகிய எண்களில் இன்னும் யாரும் பார்க்காத தனிமங்கள் இருக்க வேண்டும் என்று சொன்னார். பிற்பாடு மூன்றும் கிடைத்தன. அதைப் பார்க்க அவர் இல்லை. 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில் இறந்தபோது அவருக்கு 27 வயது. அவர் போட்ட கோடு நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் ஒரே வகைக் கதிர், அதற்குக் கீழே ஒரே விதி.

இதையெல்லாம் படித்து, திருத்தி, ஆய்வேட்டின் அந்த அதிகாரத்தை முடித்தேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவின் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்தில் கிராணி. எழுபதுகளின் நடுவில் சேர்ந்தவர். பெரட்டில் பேர் கூப்பிடுவதிலிருந்து சம்பளக் கணக்கு வரைக்கும் அவர் கையெழுத்துதான். காகிதக் கட்டுகளுக்கு அடியில், பழுத்துப்போன பெரிய கட்டம் போட்ட தாள்கள் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தன. விரித்துப் பார்த்தேன். எங்கள் ஆரிஜின்!

ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பென்சில் வளைகோடு. ஜனவரி இடது பக்கம், டிசம்பர் வலது பக்கம். முதல் வருடம் அடியில், அடுத்த வருடத்துக்குப் பூஜ்யத்தை நான்கு கட்டம் மேலே தள்ளி அடுத்த கோடு. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "ஒரே எடத்துல போட்டா ஒண்ணுமே தெரியல பாப்பா, அதான் மேல மேல போட்டேன்" என்றார். பெரிய கிராணி பார்த்துவிட்டு, இந்த மாதிரி விளையாட்டுக்குக் கம்பெனி தாளை எடுக்கிறாயா என்று திட்டினாராம். அதற்குப் பிறகு சொந்தக் காசில் தாள் வாங்கியிருக்கிறார்.

ரப்பரின் வருடம் அந்தக் கோடுகளில் அப்படியே இருந்தது. பிப்ரவரியில் மரம் இலை உதிர்க்கும். காடு முழுக்கச் சருகு, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். புது இலை விட்டு முற்றும் வரைக்கும் பால் குறைவு. கோடு மார்ச், ஏப்ரலில் பள்ளத்தில் விழும். அப்புறம் மெதுவாக ஏறி, வருடக் கடைசியில் உச்சி. ஆனால் அப்போதுதான் மழையும். விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் பாலோடு தண்ணீர் சேர்ந்து வீணாகிவிடும். அதனால் சில வருடங்களில் உச்சி நவம்பரில், சிலவற்றில் டிசம்பரில், ஒன்றிரண்டில் அக்டோபரில். இந்த உச்சிகளையெல்லாம் அப்பா சிவப்புப் பென்சிலால் இணைத்திருந்தார். கோடு கொஞ்சம் நெளிந்து நெளிந்து மேலே ஏறியது. எந்த வருடம் மழை சீக்கிரம் வந்தது என்பதை அந்த நெளிவைப் பார்த்தே சொன்னார். போனஸ் கணக்கைவிட அதுதான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அம்மா பால்வெட்டுக்காரி. நாலரை மணிக்கு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவார். விடியலில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அம்மா வெட்டிய பாலை அப்பா நிறுத்து, மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, உலர்ந்த எடை இவ்வளவு என்று எழுதுவார். "ஒங்கப்பா எனக்கு ஒரு கிலோகூடச் சேத்து எழுதுனதில்ல" என்று அம்மா கடைசி வரைக்கும் குறைபட்டார். அந்தக் கோட்டுக்குள் அம்மாவின் வாளியும் இருக்கிறது.

சுருளில் அடுத்தடுத்த தாள்களும் இருந்தன. சிவப்புக் கோடு எண்பதுகளின் பிற்பாதியில் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் கொஞ்சம் இடம் காலி. பிறகு மறுபடியும் வருட வளைகோடுகள், பென்சிலில் மட்டும். சிவப்பு இல்லை.

சலித்துப்போய் விட்டுவிட்டார் போலிருக்கிறது, நான் முடித்துத் தருகிறேன் என்று நினைத்தேன். கட்டம் எண்ணி எண்ணி எல்லா எண்களையும் மடிக்கணினியில் ஏற்றினேன். இரண்டு இரவு பிடித்தது. மேல் தாள்களில் எண்கள் வேறு அளவில் இருந்தன. அதனால் என்ன, ஒவ்வொரு வருடத்தின் உச்சியையும் நூறு என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடத்தில் தினம் செய்வதுதான். காலி வருடங்களை மென்பொருள் தானாகவே தாண்டிப் போனது. உச்சிகளை எடுத்தேன், இடைவெளியைக் கூட்டினேன், கோடு போட்டேன்.

கோடு டிசம்பரில் தொடங்கி, மேலே போகப் போகத் திரும்பி, செப்டம்பர் பக்கம் போய் நின்றது.

நெஞ்சு படபடவென்று அடித்தது. இருபத்துச் சொச்சம் வருடங்களில் ஒரு தோட்டத்தின் விளைச்சல் உச்சி மூன்று மாதம் முன்னால் நகர்ந்திருக்கிறது. பருவமழை மாறுகிறதா? பருவநிலை மாற்றத்துக்கு வட சிலாங்கூரின் ஒரு கிராணி கையால் எழுதிய சான்று! மனத்துக்குள் கட்டுரைத் தலைப்புகூட வந்துவிட்டது. அப்பாவின் பெயரை நன்றியுரையில் போடுவதா, இணையாசிரியராகவே போடுவதா என்று அந்த ராத்திரியே யோசித்தேன்.

காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். "அப்பா, நீங்க பாதியில விட்டத நான் முடிச்சிட்டேன். பாருங்க."

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இங்க ஏன் கோட்ட இழுத்துக்கிட்டுப் போன?"

"ஒச்சிதானே அப்பா, எல்லா வருசமும் ஒச்சிய..."

"அது வேற மரம் பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எனக்குத் தெரியாதா? நான் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள். பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டது எனக்குத் தெரியும். நான் படிப்பதே செம்பனையை. திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்துபோனது என்றுதான் தெரியவில்லை. கீழ்த்தாள்களில் கிலோ, மேல்தாள்களில் டன். எல்லாவற்றையும் நூறாக்கியபோது எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய ஒரே விஷயத்தை நானே துடைத்துவிட்டேன். காலி வருடங்கள் வேறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மென்பொருள் தாண்டியது, நானும் தாண்டினேன்.

செம்பனையின் உச்சி ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வருவது நாடறிந்த விஷயம். அதன் கணக்கே வேறு. ரப்பர் இன்றைய இலை, இன்றைய மழைக்குப் பதில் சொல்லும் மரம். செம்பனையில் இன்று வெட்டும் குலை ஆண்பூவாவதா பெண்பூவாவதா என்பது ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். மகரந்தம் சேர்ந்து பழம் பழுக்கவே ஐந்தாறு மாதம். இந்த வருடத்துக் குலையில் முந்தாநாள் வருடத்து வறட்சி இருக்கும். இரண்டு மரங்களின் உச்சிகளையும் ஒரு கோட்டில் கட்டுவது, பாட்டியின் உயரத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் எடையையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுபோல.

எங்கள் வட்டாரத்தில் இப்படிக் குழம்புவதற்கு ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தில், 1917-இல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. சில வருடங்களுக்கு முன் சுமத்ராவிலிருந்து விதை வாங்கி ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டுவைத்தவர், பிறகு தென்னமரத்தில் காப்பியை எடுத்துவிட்டு இதை வைத்தார். பின்னாளில் 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். ஆக, காப்பிக்குப் பதிலாகச் செம்பனை வந்த தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். பெயரை வைத்து மரத்தைச் சொல்ல முடியாது, கோட்டை வைத்தும் முடியாது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் செம்பனையின் பரப்பு ரப்பரை மிஞ்சிவிட்டது. எங்கள் தோட்டம் அந்தப் பெரிய அலையில் ஒரு துளி.

"அந்தக் காலி எடத்துல என்னாச்சு அப்பா?" என்று கேட்டேன்.

காடு காடாக வெட்டினார்கள் என்றார். இயந்திரம் வந்து மரத்தைத் தள்ளும்போது வேர் பிடுங்கும் சத்தம் லயம் வரைக்கும் கேட்குமாம். கன்று நட்டு முதல் குலை வெட்ட இரண்டரை, மூன்று வருடம். அதுவரை எழுதுவதற்கு எடை இல்லை, கோடு இல்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில்தான் எல்லாம் நடந்தது. பால்வெட்டுக்கு ஒவ்வொரு நிரைக்கும் ஆள் வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம், குலை வெட்டுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. பால் வெட்டிய பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள், அல்லது மருந்தடிக்கப் போனார்கள். அம்மா மருந்தடிக்கப் போனார். முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு களைக்குப் பேராக்குவாட். அம்மாவின் இரண்டு விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்து, திரும்ப வளைந்து முளைத்தன. சோறு பிசையும்போது அந்த விரல்களை மடக்கி வைத்துக்கொள்வார். 2020 தொடக்கத்தில் அந்த மருந்துக்கு இந்த நாட்டில் தடை வந்தது. செய்தியைப் படித்துக் காட்ட அம்மா இல்லை.

பல குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டன. லோரியில் சாமான் ஏற்றி, கோழியைக் கூடையில் போட்டு, கோயிலில் ஒரு சூடம் கொளுத்திவிட்டுப் போவார்களாம். பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். "பேர் கூப்பிடறப்ப பதில் வராது. நான் அடிச்சிடுவேன். ஒவ்வொரு வாரமும் ரெண்டு பேர், மூணு பேர்" என்றார். பேரேட்டில் அடித்ததைத்தான் சொன்னார்.

"அதான் கோட்ட நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தல. சேக்க முடியல."

சாயங்காலம் அப்பாவோடு ஆற்றுப்பக்கம் போனேன். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குச் சிலாங்கூர் ஆற்றில் உடாங் காலா பிடிப்பதுதான் உத்தியோகம். தூண்டிலைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏறுவதைக் காட்டினார். கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் நாளுக்கு இரண்டுமுறை கடல் பெருகும். அங்கே உச்சி தொட்ட பிறகு, இன்னும் உள்ளே தள்ளி, கம்போங் குவாந்தானில், மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் ஒன்றாக விட்டுவிட்டு எரியும் அந்த இடத்தில், உச்சி தாமதமாக வரும். அதற்கும் மேலே இன்னும் தாமதம். எந்த வளைவில் எப்போது ஏறும் என்று தூண்டில்காரர்களுக்கு மனப்பாடம். "இதுக்குக் கோடு போடலாம் பாப்பா. அங்க பெருகுனதுதான் இங்க வருது" என்றார். நகர்வது அலைதான், அதே தண்ணீர் இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். அன்றைக்கு ஏற்கெனவே போதுமான அளவு கேவலப்பட்டிருந்ததால் பேசாமல் இருந்தேன். தவிர, அவர் சொன்னதில் தவறில்லை. ஓரிடத்தில் எழுந்தது இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருகிறது. கோட்டின் இரண்டு முனைக்கும் நடுவே போகிற ஏதோ ஒன்று நிஜமாகவே இருக்கிறது. என் படிகத்திலும் தோட்டத்திலும் அப்படி எதுவும் போகவில்லை. போனவர்கள் லோரியில் வேறு பக்கம் போனார்கள்.

ராத்திரி வரைபடத்தைத் திருத்தினேன். நூறாக்கியதை எடுத்துவிட்டு, கீழே கிலோ, மேலே டன் என்று எழுதினேன். கோட்டை இரண்டாக வெட்டினேன். காலி வருடங்களுக்குக் காலி இடம் விட்டேன். பட்டணத்துக்குத் திரும்பியதும் அச்சடித்து, அடுத்த முறை வந்தபோது அப்பாவிடம் கொடுத்தேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, சிவப்புப் பென்சிலைச் சீவினார். ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவில் இருந்த வெள்ளைப் பட்டையில், சின்னச் சின்ன எழுத்தில், மாதம் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார். மூன்றாம் லயத்துக் கடைசி வீடு. ஆயாக்கொட்டகை ஆயா. கோயில் பூசாரி வீட்டார். பிறகு ஒரு மாதத்தில் 'மருந்து' என்று மட்டும் எழுதி அடியில் கோடிழுத்தார். அது யார் என்று நான் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் பட்டை நிரம்பி, எழுத்துகள் கீழே இருந்த ரப்பர் கோட்டின்மேல் ஏற ஆரம்பித்தன.

"எடம் பத்தல" என்றார். "நடுவுல இன்னும் கொஞ்சம் அகலமா விட்டு அடிச்சிக் குடு."

இடைவெளியை மூன்று மடங்காக்கி, பெரிய தாளில் மறுபடி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.